சரவாங்கிக்குப் பத்தியம் மட்டும் போதுமா?

“சாமி, கோதுமையைத் தொடவே கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இனி நான் நன்மை வாங்கலாமா?”

ஒரு முதல் வெள்ளிக்கிழமை, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நமது விளாங்குடிப் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வயது நாற்பதைச் சற்றே கடந்தவர். தையல் வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவர் கேட்ட கேள்வியைக் காட்டிலும் அவர் குவித்திருந்த கைகளே என் கவனத்தை ஈர்த்தன. விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இரு உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

“அம்மா, எத்தனை நாளாக இப்படி?” என்று வினவினேன். ஈராண்டுகள் ஆயின என்றார். முதலில் மருத்துவமனையில் சரவாங்கி என்று கண்டு மாத்திரை கொடுத்தார்களாம். நான்கு மாதம் உட்கொண்டபின், “மாத்திரை குடலைப் புண்ணாக்கும், உணவை மாற்றினாலே நோய் ஓடிவிடும்” என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டார். புளி போயிற்று, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் போயின. பின்னர் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவையும் ஒவ்வொன்றாய் விலக்கப்பட்டன. கடைசியாகக் கோதுமை. “இன்னும் வலி போகவில்லை, சாமி. நான் எதையோ மறைவாகத் தின்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்” என்று சொன்னபோது அவர் கண்கள் கலங்கின.

அவர் கேட்ட கேள்விக்கு விடை எளிது. ஒரு சிற்றப்பத்தில் உள்ள கோதுமையினால் சரவாங்கி கூடுவதில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதத்தை ஏற்காத குடல் நோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகளுக்காகப் பசைப்புரதம் மிகக் குறைந்த அப்பத்தைப் பயன்படுத்தலாம் என்றும், அதுவும் ஒவ்வாதவர்கள் திரு இரசத்தை மட்டும் உட்கொள்ளலாம் என்றும் 2003ஆம் ஆண்டில் உரோமைத் திருப்பேராயம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே எந்த நோயாளியும் நற்கருணையை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேளாத கேள்வி ஒன்று இருந்தது. பத்தியம் மட்டும் இந்நோயைத் தீர்க்குமா? எத்தனையோ குடும்பங்களில் இன்று விவாதிக்கப்படும் இக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் நோயாளியரின் இல்லங்களுக்குச் சென்று வரும் குருவானவர் எவரும் இதைப்பற்றி அறியாதிருத்தல் தகாது என்றெண்ணி, மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

எல்லா மூட்டு வலியும் ஒன்றன்று

முதற்கண் ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். “வாதம்” என்ற ஒரே சொல்லால் நாம் பல நோய்களைக் குறிக்கிறோம். வயது முதிர முழங்கால் தேய்ந்து வலிப்பது ஒன்று. அது மூட்டுத் தேய்மானம். 2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழகமெங்கும் பரவியபோது, காய்ச்சல் தணிந்த பின்னும் பலர் மாதக்கணக்கில் மூட்டு வலியால் அவதியுற்றார்களே, அது கொசுவினால் பரவும் கிருமியின் விளைவு. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்குவது பிறிதொன்று. இந்த யூரிக் அமில நோயில் உணவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஈரல், குடல் போன்ற உறுப்பு இறைச்சிகளும், சில கடல் உணவுகளும், பீர் முதலிய மதுவகைகளும் அதைத் தூண்டவல்லன. அந்நோயிலும்கூடப் பலருக்கு மருந்து தேவைப்படுகிறது.

சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் வழங்கும் நோய் இவை யாவற்றினும் வேறானது. நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராடவேண்டிய உடலின் காவற்படை, வழி தவறித் தன் சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் இது உண்டாகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. இரு கைகளிலும் விரல், மணிக்கட்டு முதலிய சிறு மூட்டுகள் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விறைப்பு நீடிக்கும். கவனியாது விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு மூட்டுகள் கோணிவிடும். சிலருக்குக் கண், நுரையீரல், இதயம் ஆகியவையும் பாதிக்கப்படலாம்.

யூரிக் அமில நோயாளிக்குச் சொன்ன பத்தியத்தைச் சரவாங்கிக்காரரும், தேய்மானக்காரருக்குச் சொன்ன வைத்தியத்தைச் சிக்குன்குனியாக்காரரும் கடைப்பிடிப்பதே நம்மிடையே நிகழும் முதல் தவறு.

நம் முன்னோர் கண்ட பத்தியம்

பத்தியம் என்ற சொல்லையே இகழ்வோரும் உண்டு. நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. தமிழரின் சித்த மருத்துவத்தில் பத்தியம் மதிப்பான இடம் பெற்றது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் தொடங்கப்பட்டது. அங்கெல்லாம் மூட்டு நோய்களுக்கு முறையான சிகிச்சை அளிக்கப்படுகிறது. முடக்கறுத்தான் கீரையின் பெயரே, முடக்கத்தை அறுப்பது என்ற நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது. மழை நாட்களில் அக்கீரையை அரைத்து மாவுடன் கலந்து தோசை வார்க்காத பாட்டிமார் நம் ஊரில் இருந்ததில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். சித்த மருத்துவத்தில் பத்தியம் என்பது மருந்தோடு சேர்ந்து வருவது. இன்ன மருந்துக்கு இன்ன பத்தியம், இத்தனை நாள் என்று வைத்தியர் வரையறுப்பார். நாள் முடிந்ததும் பழைய உணவுக்குப் படிப்படியாகத் திருப்புவார். பத்தியம் வேலி, மருந்தே பயிர். பயிரைப் பிடுங்கியெறிந்துவிட்டு வேலியை மட்டும் ஆண்டுக்கணக்கில் காத்து நிற்பது எந்த மரபிலும் இல்லை.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் “மருந்து”. அதன் பத்துக் குறட்பாக்களில் பெரும்பகுதி, முன்பு உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும்படி அறிவுறுத்துகிறது. ஆயினும் வள்ளுவர் அத்துடன் நிறுத்திவிடவில்லை. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவனுக்கு உரைத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்பவன் என்ற நால்வகையையும் எண்ணி முடிக்கிறார். உணவைப் போற்றிய பெருந்தகையே மருந்தையும் மருத்துவனையும் விலக்கவில்லை என்பதை நாம் உணரவேண்டும்.

தானியேல் கேட்ட பத்து நாட்கள்

உணவால் உடல் நலம் பெறுமா என்பதைச் சோதித்தறியும் முறைக்கு விவிலியத்திலேயே அழகான சான்று உண்டு. தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்தில், பாபிலோனிய அரசனின் உணவை மறுத்த தானியேலும் அவர் தோழர் மூவரும், தங்களுக்குப் பத்து நாட்கள் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பார்க்குமாறும், பின்னர் அரச உணவு உண்ட இளைஞர்களோடு தங்களை ஒப்பிட்டுப் பார்க்குமாறும் மேற்பார்வையாளனிடம் வேண்டுகின்றனர். “எங்களை நம்பு” என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. “ஒப்பிட்டுப் பார்” என்கிறார்கள். இன்றைய மருத்துவ ஆய்வும் இதையே செய்கிறது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் டாக்டர் காலின் டாங் என்ற சீன வம்சாவளி மருத்துவர் இருந்தார். தாமே மூட்டு நோயால் அவதியுற்று, தம் முன்னோரின் எளிய உணவாகிய சோறு, மீன், காய்கறிக்குத் திரும்பியதால் குணமடைந்ததாகக் கூறி, 1973இல் சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். அது பெரும் புகழ் பெற்றது. இதைச் சோதித்தறிய, புளோரிடா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பானுஷ் என்பவரின் குழுவினர் 26 சரவாங்கி நோயாளிகளைத் தெரிந்தெடுத்தனர். 11 பேருக்கு அந்தப் பத்தியமும், 15 பேருக்குப் பத்தியம் போலவே தோன்றும் வேறோர் உணவும் 10 வாரங்கள் அளிக்கப்பட்டன. 1983இல் வெளியான முடிவு என்ன? முதல் பிரிவில் ஐவர் நலமடைந்தனர். மற்றப் பிரிவில் அறுவர் நலமடைந்தனர். ஆக, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் உண்மையான பத்தியம் இருந்தவர்களில் இருவர் பெரிதும் தேறி, அவ்வுணவையே தொடர விரும்பினர். இதையும் மறைக்காமல் எழுதியது அந்த ஆய்வாளரின் நேர்மை. அவரே 1986இல், பால் அருந்தினால் மட்டும் மூட்டு வீங்கும் ஒரு பெண்மணியைப் பற்றியும் எழுதினார். பாலைக் குப்பிகளில் மறைத்து, இன்னதென்று அவரறியாதவாறு கொடுத்துச் சோதித்தபோதும் வீக்கம் வந்தது. அத்தகையோர் உண்டு; ஆனால் மிகச் சிலரே.

பத்தியத்தின் பக்கம் வலுவாகப் பேசும் ஆய்வு நார்வே நாட்டினுடையது. 1991இல் வெளியான அந்த ஆய்வில் 53 நோயாளிகள் பங்கேற்றனர். 27 பேர் ஒரு வாரத்திற்கு மேல் உபவாசம் இருந்து, பின் பசைப்புரதமற்ற மரக்கறி உணவும், சில மாதங்களுக்குப் பின் பாலும் சேர்த்து, ஓராண்டுக் காலம் கடைப்பிடித்தனர். மற்ற 26 பேர் வழக்கமான உணவையே உண்டனர். பத்தியம் இருந்த பிரிவினருக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் காணப்பட்டது. ஆயினும் எல்லாரும் பயனடையவில்லை. தாம் பத்தியம் இருப்பதை அவர்களே அறிந்திருந்தமையால் மனத்தின் ஊக்கமும் அதில் கலந்திருக்கக்கூடும் என்று பிற அறிஞர்கள் எச்சரித்தனர்.

நம் அண்டை நகராகிய கோயம்புத்தூரிலும் ஓர் ஆய்வு நடந்தது. அது உணவைப் பற்றியதன்று, ஆயுர்வேத மருந்தைப் பற்றியது. அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் பர்ஸ்ட் தலைமையில் 43 சரவாங்கி நோயாளிகள் மூன்று பிரிவுகளாக 36 வாரங்கள் சிகிச்சை பெற்றனர். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் ஆங்கில மருந்து, மூன்றாவதற்கு இரண்டும் அளிக்கப்பட்டன. எது உண்மை மருந்து, எது போலி என்று நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். 2011இல் வெளியான முடிவின்படி மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். சிறிய முன்னோட்ட ஆய்வாதலால் இதைக் கொண்டு இறுதித் தீர்ப்பு வழங்க இயலாது. ஆயினும் நமது பழைய மருத்துவத்தையும் தானியேலின் முறைப்படி சோதிக்கலாம், சோதிக்கவேண்டும் என்பதை அது காட்டுகிறது. அதில் எந்தப் பிரிவும் மருந்தின்றி விடப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகம், 2022இல் வகுத்த நெறிமுறையில், காய்கறி, பழம், பயறு, மீன், நல்ல எண்ணெய் மிகுந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவு முறையை மட்டும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. மற்றப் பத்திய முறைகளுக்குப் போதிய சான்றில்லை என்றது. எந்த உணவும் மருந்துக்கு மாற்றாகாது என்பதும் அதன் கருத்து.

ஏன் பத்தியம் பலித்ததாகத் தோன்றுகிறது?

சரவாங்கியின் இயல்பு வளர்பிறை, தேய்பிறை போன்றது. சில வாரங்கள் கடுமையாகும். பின் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய பத்தியத்தைத் தொடங்குகிறோம். அடுத்து இயல்பாகவே வரும் தணிவை, விலக்கிய கத்தரிக்காயின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். மீண்டும் வலி கூடும்போது, “இன்னும் எதையோ விலக்கவில்லை” என்று அடுத்த பொருளைத் தேடுகிறோம். இவ்வாறு தட்டு வெறுமையாகிறதேயன்றி நோய் குறைவதில்லை.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, காலம் வீணாகிறது. நோயின் முதல் சில மாதங்களிலேயே தக்க மருந்தைத் தொடங்கினால் மூட்டுகளைப் பெரிதும் காப்பாற்றலாம். அரிக்கப்பட்ட எலும்பை எந்த மருந்தும் மீட்டுத் தராது. இரண்டாவது, உடல் மெலிகிறது. நம் வீடுகளில் தாய்மார்கள் எல்லாருக்கும் பரிமாறிய பின் மிஞ்சியதை உண்பவர்கள். அதிலிருந்தும் பால், பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறுஞ்சோறும் இரத்தசோகையுமே.

மூன்றாவதே என் நெஞ்சை மிகவும் வருத்துவது. நோயுற்றவர் மீது பழி விழுகிறது. “நேற்று என்ன தின்றாய்?” என்ற கேள்வி காலைதோறும் அவரை எதிர்கொள்கிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டதை அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. இரண்டுமில்லை என்று ஆண்டவர் மறுத்துவிட்டு, குணமாக்கும் பணியில் இறங்கினார். நாமோ பாவத்தின் இடத்தில் புளியையும் உருளைக்கிழங்கையும் வைத்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மருந்தைப் பற்றிய அச்சம்

மெத்தோட்ரெக்ஸேட் என்ற பெயரைக் கேட்டாலே பலர் நடுங்குகின்றனர். இம்மருந்தின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு என்பதைச் சிலரே அறிவர். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவே 1940களில் ஃபோலிக் அமிலத்தையும், அதைத் தொடர்ந்து இம்மருந்து வகையையும் உருவாக்கியது. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட இம்மருந்து, மிகக் குறைந்த அளவில் சரவாங்கிக்கும் உதவும் என்பது 1980களில் உறுதியாயிற்று. இன்று நோயாளிகள் இதனுடன் ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்து உட்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே ஆய்வகத்தின் கொடை.

இம்மருந்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ளவேண்டிய இதை, தவறாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே தீங்கு நேரும். கருவுற்ற தாய்மார் இதை உட்கொள்ளலாகாது. மது கூடவே கூடாது. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவற்றைக் காத்து உட்கொண்டு நலமாய் வாழ்வோர் ஏராளம். இதற்கு அஞ்சுகிறவர்கள், பெயரே இல்லாத பொட்டலத்தில் வரும் பொடியை அச்சமின்றி விழுங்குவதுதான் வியப்பு. ஒரே நாளில் வலியைப் பறக்கடிக்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதுண்டு. அளவறியாது நெடுநாள் உண்டால் முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு நொறுங்கும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

1. காலை விறைப்பும் விரல் வீக்கமும் ஆறு வாரம் நீடித்தால், உடனே மருத்துவரை நாடுங்கள். பெரியாஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனை நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை.

2. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தை விரும்பினால் பட்டம் பெற்ற மருத்துவரிடம் செல்லுங்கள். உட்கொள்ளும் மருந்துகளை இரு மருத்துவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. மத்தியதரைக் கடல் உணவுக்காக ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். பரவைச் சந்தையில் கிடைக்கும் காய்கறி, முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை ஆகியவையும், சாளை, அயிலை போன்ற விலை மலிந்த கொழுப்பு மீன்களும் அதே நற்பண்பு உடையவையே. முடக்கறுத்தான் தோசையும் தாராளமாக உண்ணலாம். அது உணவு, தீங்கில்லை. புகைப்பிடித்தல் இந்நோயைக் கடுமையாக்கும். அதை அடியோடு விடுங்கள்.

4. ஒரு குறிப்பிட்ட உணவு ஒவ்வவில்லை என்ற ஐயம் எழுந்தால், மருந்தை நிறுத்தாமல், அந்த ஒன்றை மட்டும் சில வாரம் நீக்கிப் பாருங்கள். பின் மீண்டும் சேர்த்துப் பாருங்கள். குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வேறுபாடு இல்லையேல் அந்த உணவுக்கு விடுதலை அளியுங்கள்.

5. தவக்காலத்தில் ஒருசந்தி கடைப்பிடிக்க இயலவில்லையே என்று நோயாளிகள் மனம் வருந்த வேண்டாம். அக்கடமை நோயுற்றோரைக் கட்டுப்படுத்துவதில்லை. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசத்திலிருந்தும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உணவோடு மாத்திரையை உட்கொண்டுவிட்டுத் தயங்காமல் நன்மை வாங்க வரலாம்.

மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் இறைவனே என்றும், அறிவுள்ளவன் அவற்றை வெறுக்கமாட்டான் என்றும் சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. செபிக்கவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் சொல்கிறது. ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதைக் கைவிடுவது விசுவாசம் ஆகாது.

அந்தத் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். நானே அவர் இல்லத்துக்குச் சென்று கணவரிடமும் மாமியாரிடமும் பேசினேன். மறுவாரமே கணவர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருந்து மீண்டும் தொடங்கிற்று. பாலும் பருப்பும் மீனும் அவர் தட்டுக்குத் திரும்பின. எட்டு மாதங்கள் கடந்தன. வீக்கம் வடிந்துவிட்டது, தையல் இயந்திரத்தின் ஒலி அவ்வீட்டில் மறுபடியும் கேட்கிறது. ஆயினும் வலக்கையின் இரு விரல்கள் கோணியவை கோணியவையே. அவை இனி நிமிரா என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இழந்த அந்தக் காலம் அவ்விரு விரல்களில் எழுதப்பட்டிருக்கிறது.

சென்ற ஞாயிறன்று அவர் செபமாலையை இடக்கையில் பிடித்து, மணிகளை ஒவ்வொன்றாய்த் தள்ளிச் செபித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவருக்கருகே அமர்ந்திருந்த மாமியார், செபம் முடிந்ததும் அவர் கைப்பையைத் தாம் வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். நோயாளியின் பக்கத்தில் நின்று பணிசெய்பவரையும் வள்ளுவர் மருந்தின் ஒரு பகுதியாக எண்ணியது எத்துணைப் பொருத்தம்! உங்கள் இல்லத்தில் நோயுற்றவர் எவரேனும் இருந்தால், நாளைக் காலையில் “நேற்று என்ன தின்றாய்?” என்று கேளாதீர்கள். “இன்று மாத்திரை நாளா? சாப்பிட்டுவிட்டு உட்கொள், நான் தண்ணீர் கொண்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!